சொதப்பலான ஆட்டம், சூப்பரான முடிவு: பேஸ்பாலின் வாக்-ஆஃப் வெற்றியைப் புரிந்துகொள்வது எப்படி?

பேஸ்பால் ஆட்டம் 9 இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வொரு இன்னிங்ஸிலும் இரண்டு பாதி. முதல் பாதியில் வெளியூர் அணி பேட் செய்யும், இரண்டாம் பாதியில் உள்ளூர் அணி. முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் என்ற மூன்று நிறுத்தங்களைத் தொட்டுச் சுற்றி, பேட் செய்த இடமான ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். 3 பேர் அவுட் ஆனதும் பக்கம் மாறும். கடைசியாக பேட் செய்யும் வாய்ப்பு எப்போதும் உள்ளூர் அணிக்கே என்ற இந்தச் சலுகையில் இருந்துதான் வாக்-ஆஃப் வருகிறது. 9-ஆவது இன்னிங்ஸின் இரண்டாம் பாதியிலோ, அதற்குப் பிறகு வரும் கூடுதல் இன்னிங்ஸிலோ உள்ளூர் அணி முன்னிலை பெற்றால் ஆட்டம் அந்த நொடியே முடிந்துவிடும். எதிரணிக்குப் பதில் கொடுக்க வாய்ப்பு கிடையாது. களத்தில் நிற்பவர்கள் அப்படியே நடையைக் கட்ட வேண்டியதுதான்.

கிரிக்கெட்டில் இலக்கைத் துரத்தும் அணி அதைத் தாண்டியதும் ஆட்டம் முடிவதை இதனுடன் ஒப்பிடலாம். ஆனால் கிரிக்கெட்டின் குறுகிய ஆட்டங்களில் ஓவர் தீர்ந்தால் கதை தீர்ந்தது. பேஸ்பாலில் அப்படிப்பட்ட எல்லை இல்லை. வெளியூர் அணி 5 ரன் முன்னால் இருந்தாலும் கடைசி அவுட்டை எடுத்தே ஆகவேண்டும். அந்த ஓர் அவுட் கிடைக்கும்வரை வெற்றி கைக்கு வராது. மாறாக, 9-ஆவது இன்னிங்ஸின் முதல் பாதி முடியும்போது உள்ளூர் அணி முன்னிலையில் இருந்தால் இரண்டாம் பாதியை ஆடவே மாட்டார்கள். ஸ்கோர் பலகையில் அந்தக் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி மட்டும் இருக்கும்.

வெற்றி ரன் எப்படி வந்தாலும் அது வாக்-ஆஃப்தான். பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பி ஹோம் ரன் அடிக்கலாம், பேட்டரை முதல் பேஸ்வரை கொண்டுபோகும் சாதாரண சிங்கிள் போதும், உயரமாக அடித்த பந்து கேட்ச் ஆன பிறகு மூன்றாம் பேஸில் நிற்பவர் ஓடி வந்துவிடலாம். பேட்டர் எதையுமே அடிக்காமலும் ஜெயிக்கலாம். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது பந்து வீசுபவரான பிட்சர் நான்கு மோசமான பந்துகளை ('பால்') வீசினால் பேட்டர் முதல் பேஸுக்கு நடந்து போவார் (இதுதான் 'வாக்'), மற்றவர்கள் தலா ஒரு பேஸ் நகர்வார்கள், மூன்றாம் பேஸில் இருந்தவர் ஹோம் பிளேட்டை மிதிப்பார், ஆட்டம் முடிந்தது. 2015 ஜூன் 18 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ், டெக்சஸ் ரேஞ்சர்ஸை 1-0 என்று வென்றது ஒரு பால்க்கில். பிட்சர் வீசத் தொடங்கிவிட்டு விதிக்கு மாறாக அசைந்தால் அது பால்க். பேஸில் நிற்கும் ரன்னர்கள் எல்லோரும் ஒரு பேஸ் முன்னேறுவார்கள். மூன்றாம் பேஸில் ஆள் இருந்தார். ஆட்டத்தின் ஒரே ரன் அதுதான்.

இனி சொதப்பல் விஷயத்துக்கு வருவோம். நன்றாக ஆடி வென்ற ஆட்டத்தைவிட, தட்டுத்தடுமாறி வென்ற ஆட்டத்தைப் பற்றித்தான் ரசிகர்கள் அதிக நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சு புரிய வேண்டுமானால் ஒரு சொதப்பலைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதே நல்ல வழி. அதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

2020 அக்டோபர் 24, வேர்ல்ட் சீரிஸ் 4-ஆவது ஆட்டம்

டாம்பா பே ரேஸும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸும் மோதிய தொடர். அமெரிக்க பேஸ்பாலின் சாம்பியனை முடிவு செய்யும் தொடர்தான் வேர்ல்ட் சீரிஸ். பெருந்தொற்றுக் காலம் என்பதால் எல்லா ஆட்டங்களும் டெக்சஸில் உள்ள ஆர்லிங்டனின் குளோப் லைஃப் ஃபீல்டில் நடந்தன. 4-ஆவது ஆட்டத்தில் ரேஸ்தான் உள்ளூர் அணி என்ற கணக்கு. அதனால் இரண்டாவதாக பேட் செய்தது. தொடரில் டாட்ஜர்ஸ் 2-1 என்று முன்னால் இருந்தது.

6-ஆவது இன்னிங்ஸிலிருந்து முன்னிலை கை மாறிக்கொண்டே இருந்தது. பிராண்டன் லோ அடித்த 3 ரன் ஹோம் ரன்னால் ரேஸ் 5-4. அடுத்த இன்னிங்ஸில் ஜாக் பீடர்சன் அடித்த சிங்கிளில் 2 பேர் ஓடிவர டாட்ஜர்ஸ் 6-5. உடனே கெவின் கியர்மையரின் ஹோம் ரன், 6-6. 8-ஆவது இன்னிங்ஸில் கோரி சீகரின் சிங்கிளால் டாட்ஜர்ஸ் 7-6. கடைசிப் பாதியைக் காக்க டாட்ஜர்ஸ் அனுப்பியது பிட்சர் கென்லி ஜான்சனை.

முதல் பேட்டர் ஸ்ட்ரைக் அவுட் (அடிக்கத் தவறிய நல்ல பந்து ஒவ்வொன்றும் ஒரு ஸ்ட்ரைக், மூன்று சேர்ந்தால் அவுட்). கியர்மையர் பேட் உடைந்த நிலையிலும் ஒரு சிங்கிள் எடுத்தார். அடுத்தவர் நேராக அடித்தது ஃபீல்டரின் கைக்குப் போனது. 2 அவுட். ராண்டி அரோசரேனா வாக் வாங்கினார். கியர்மையர் இரண்டாம் பேஸுக்கு நகர்ந்தார். பேட் செய்ய வந்தவர் பிரெட் ஃபிலிப்ஸ். 8-ஆவது இன்னிங்ஸில் வேறொருவருக்குப் பதிலாக ஓடுவதற்காக உள்ளே வந்த ஆட்டக்காரர். கணக்கு 1 பால், 2 ஸ்ட்ரைக். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் போதும், டாட்ஜர்ஸ் ஜெயித்துவிடும்.

ஃபிலிப்ஸ் பந்தை வலப்பக்க நடுவெளிக்கு அடித்தார். இங்கிருந்து சில நொடிகளை மெதுவாகப் பார்க்க வேண்டும்.

2 அவுட் என்பதால் ரன்னர்கள் பந்து பேட்டில் பட்டதுமே ஓடலாம். கேட்ச் பிடித்தால் எப்படியும் இன்னிங்ஸ் முடிந்துவிடும், திரும்ப வேண்டிய கவலை இல்லை. 2 அவுட்டுக்குக் குறைவாக இருந்தால் பந்து விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். இந்தச் சில அடிகள் பெரிய வித்தியாசம். கியர்மையர் வேகக்காரர், ஹோமுக்கு வந்துவிடுவார் என்பது ஏறக்குறைய உறுதி. எனவே 7-7. இதுவரை யாரும் தவறு செய்யவில்லை.

நடு அவுட்ஃபீல்டர் கிறிஸ் டெய்லர் முன்னால் ஓடிவந்தார். பந்தை அள்ளி ஒரே மூச்சில் எறிந்தால் கியர்மையரைப் பிடிக்க ஒரு சிறு வாய்ப்பு. அந்த அவசரத்தில் பந்து கையுறையில் சிக்காமல் தட்டுப்பட்டு விலகியது. ஓடிக்கொண்டே எடுக்கும்போது கண் பந்தைவிட்டு ரன்னர் பக்கம் அரை நொடி முன்னதாகவே போய்விடுவதால்தான் பெரும்பாலும் இப்படி ஆகிறது. முதல் பேஸிலிருந்து கிளம்பிய அரோசரேனா மூன்றாம் பேஸையும் தாண்டி ஓட, இந்தத் தடுமாற்றமே காரணம்.

பந்து இப்போது டெய்லரிடமிருந்து கட்-ஆஃபாக நின்ற மேக்ஸ் மன்சியிடம். வெளியிலிருந்து வரும் எறிதல் நேராக ஹோமுக்குப் போகாமல், நடுவில் நிற்கும் ஒருவர் வாங்கித் திருப்பி எறிவதுதான் கட்-ஆஃப். எந்த ரன்னரைப் பிடிப்பது என்று முடிவு செய்வதும் அவர் வேலை. மன்சி, ஹோம் பிளேட்டைக் காக்கும் கேட்சர் வில் ஸ்மித்திடம் எறிந்தார்.

அதே நேரம் மூன்றாம் பேஸுக்கும் ஹோமுக்கும் நடுவில் அரோசரேனா கால் தடுக்கி விழுந்தார். முழுதாக, தரையில். எழுந்து மூன்றாம் பேஸை நோக்கித் திரும்பவும் பார்த்தார். பந்து ஸ்மித்தின் கையுறைக்குள் போயிருந்தால் அவர் நடுவழியில் மாட்டியிருப்பார், அவுட் ஆகியிருப்பார், ஆட்டம் 10-ஆவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும்.

ஆனால் ஸ்மித் ரன்னருக்கு முதுகைக் காட்டிப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரோசரேனா விழுந்தது அவருக்குத் தெரியாது. ரன்னர் இதோ வந்துவிட்டார் என்ற கணிப்பில், பந்தைப் பிடித்து முடிக்கும் முன்பே, ரன்னரைத் தொட்டு அவுட் ஆக்குவதற்காகக் கையுறையைத் திருப்பினார். பந்து நழுவிப் பின்னால் ஓடியது. அரோசரேனா மறுபடி திரும்பி ஓடிவந்து, தலை முன்னால் இருக்கப் பாய்ந்து, ஹோம் பிளேட்டைக் கையால் தட்டித் தட்டி அடித்தார். ரேஸ் 8, டாட்ஜர்ஸ் 7. ஃபிலிப்ஸ் இரு கைகளையும் விமானம் போல விரித்தபடி மைதானத்தைச் சுற்றி ஓடினார். தொடர் 2-2. (கோப்பை கடைசியில் டாட்ஜர்ஸுக்குத்தான், 6 ஆட்டங்களில்.)

இதில் பலர் கவனிக்காத ஒன்று பிட்சர் எங்கே நின்றார் என்பது. பந்து வெளியே அடிக்கப்பட்டு, இரண்டாம் பேஸிலிருந்து ஒருவர் ஹோமை நோக்கி வரும்போது, பிட்சருக்குக் களத்தில் ஒரே வேலைதான்: கேட்சருக்குப் பின்னால் போய் நிற்பது. அதுவும் ஒட்டி நிற்கக் கூடாது. எறிதலின் நேர்கோட்டில் பல மீட்டர் பின்தள்ளி நிற்க வேண்டும். ஒட்டி நின்றால் கேட்சரைத் தாண்டிய பந்து அவரையும் தாண்டிவிடும். ஜான்சன் அங்கே இல்லை. இருந்திருந்தால், விழுந்து எழுந்த அரோசரேனாவுக்கு மறுபடி கிளம்பும் துணிச்சல் வந்திருக்குமா என்பதே சந்தேகம். பள்ளிச் சிறுவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் வேலை இது. வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதும் பல சமயம் இதுதான். அடித்தவரையே கேமரா காட்டிக்கொண்டிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. இது போன்ற ஆட்டங்களின் மறு ஒளிபரப்பை இரண்டாம் முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாத ஆட்களைப் பாருங்கள். ஆட்டம் வேறு மாதிரி தெரியும்.

ஸ்கோர் அட்டையில் சொதப்பல் எப்படிப் பதிவாகிறது

ஸ்கோர் வரியின் கடைசியில் மூன்று எண்கள் இருக்கும்: ரன், ஹிட், எர்ரர். சாதாரண முயற்சியில் எடுத்திருக்க வேண்டிய பந்தை விட்டால் எர்ரர். அதை முடிவு செய்பவர் அதிகாரபூர்வ ஸ்கோரர். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. பிட்சர் 1, கேட்சர் 2, நடு அவுட்ஃபீல்டர் 8 என்று. அதனால் அந்த எண்ணை வைத்தே யார் விட்டது என்று அட்டையில் படித்துவிடலாம். மேலே சொன்ன ஆட்டத்தில் ஃபிலிப்ஸின் பெயரில் ஏறியது ஒரு சிங்கிளும் கியர்மையர் எடுத்த ரன்னும்தான். அரோசரேனாவின் ரன் பிழைகளால் வந்தது என்பதால், பிட்சரின் சராசரியைக் கெடுக்கும் ரன்னாக அது கணக்கில் வராது. ஆனாலும் தோல்வி ஜான்சன் பெயரில்தான் எழுதப்படும்.

அட்டை சொல்லாத சொதப்பல்களும் ஏராளம். பின்னால் போய் நிற்காத பிட்சருக்கு எர்ரர் கிடையாது. கட்-ஆஃப் தலைக்கு மேல் எறிந்தவருக்கும், வேறொரு ரன்னர் அதனால் முன்னேறாதவரை, கிடையாது. தவறான பேஸுக்கு எறிவது, எத்தனை அவுட் என்பதை மறப்பது எதுவுமே எண்ணாக மாறாது. கேட்சரைத் தாண்டும் பந்துகூட இரண்டு வகை: பிட்சர் தாறுமாறாக வீசியிருந்தால் வைல்டு பிட்ச், கேட்சர் பிடித்திருக்க வேண்டியது என்றால் பாஸ்ட் பால். இரண்டுமே எர்ரர் கணக்கில் சேராது. எனவே எர்ரர் கட்டத்தில் பூஜ்யம் இருப்பதால் அந்த அணி சுத்தமாக ஆடியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1986 அக்டோபர் 25 ஆட்டத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறொரு நியாயம் புரியும். வேர்ல்ட் சீரிஸ் 6-ஆவது ஆட்டம், நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். 10-ஆவது இன்னிங்ஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5-3 என்று முன்னால். பேட் செய்த நியூயார்க் மெட்ஸுக்கு 2 அவுட், பேஸில் ஆளே இல்லை. இன்னும் ஓர் அவுட் எடுத்தால் ரெட் சாக்ஸுக்குக் கோப்பை. தொடர்ந்து 3 சிங்கிள்: கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட். 5-4. பிட்சரை மாற்றினார்கள். புதிதாக வந்த பாப் ஸ்டேன்லியின் வைல்டு பிட்சில் மிட்செல் ஓடிவந்தார், 5-5. நைட்டும் இரண்டாம் பேஸுக்குப் போனார். பிறகுதான் மூக்கி வில்சன் அடித்த பந்து முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு நடுவே புகுந்து போனது, நைட் வெற்றி ரன்னை எடுத்தார். பல ஆண்டுகள் பழி முழுவதும் பக்னர் தலையில் விழுந்தது. ஆனால் அவர் பந்தை விட்ட நேரத்தில் முன்னிலை ஏற்கனவே போயாகிவிட்டது. பிடித்திருந்தாலும் ஆட்டம் 11-ஆவது இன்னிங்ஸுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். கணுக்கால் வலியோடு ஆடிய அவருக்குப் பதில், முந்தைய வெற்றிகளில் செய்ததுபோல டேவ் ஸ்டேப்பிள்டனைக் கடைசி நேரத்தில் பயிற்சியாளர் ஜான் மெக்நமாரா இறக்கவும் இல்லை. தொடரின் 7-ஆவது ஆட்டமும் மிச்சம் இருந்தது, அதையும் மெட்ஸே வென்றது. ஒரு சொதப்பலுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் ஒருவரை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்.

சமநிலையில், மூன்றாம் பேஸில் ஆள்

வாக்-ஆஃப் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நிலை இது. ஸ்கோர் சமம், கடைசிப் பாதி, 2 அவுட்டுக்குக் குறைவு, மூன்றாம் பேஸில் ரன்னர். தடுக்கும் அணி வழக்கமான இடத்தில் நிற்பதில் பயனில்லை. ஒரு ரன் வந்தாலே தோல்வி என்பதால், பின்னால் நின்று நீளமான அடிகளைத் தடுப்பதில் அர்த்தம் இல்லை. ஆழமாகப் போகும் பந்தைக் கேட்ச் பிடித்தாலும் ரன்னர் ஓடிவந்துவிடுவார். அதனால் அவுட்ஃபீல்டர்கள் ஹோமுக்கு எறிய முடிகிற தூரம்வரை முன்னால் வருவார்கள், பேஸ்களுக்கு அருகில் நிற்கும் இன்ஃபீல்டர்களும் முன்னால் வருவார்கள். சில சமயம் ஓர் அவுட்ஃபீல்டரையே இன்ஃபீல்டுக்கு அழைத்து 5 பேரை நிறுத்துவார்கள். வெளியே பெரிய இடைவெளி விழும். ஆனால் அங்கே விழும் பந்தால் எப்படியும் தோல்விதான், இழக்க எதுவும் இல்லை.

அடுத்த இரண்டு பேட்டர்களை வேண்டுமென்றே வாக் கொடுத்து மூன்று பேஸையும் நிரப்புவதும் உண்டு. 2017 முதல் இதற்குப் பந்து வீசவே வேண்டாம், சைகை போதும். இப்படி நிரப்பினால், பேட்டர் அடித்ததும் பின்னால் வருபவருக்கு இடம்விட எல்லா ரன்னர்களும் நகர்ந்தே ஆக வேண்டும். எனவே ரன்னரைத் தொடாமலேயே, பந்தோடு ஹோம் பிளேட்டை மிதித்து ஃபோர்ஸ் அவுட் எடுக்கலாம். விலையும் உண்டு: இனி ஒரு வாக் கொடுத்தாலே ஆட்டம் போய்விடும். பிட்சர் பந்தை நடுவில் வீச வேண்டிய கட்டாயம் வரும், பேட்டருக்கு அது தெரியும்.

2020 முதல் வழக்கமான பருவ ஆட்டங்களில் ஒவ்வொரு கூடுதல் இன்னிங்ஸும் இரண்டாம் பேஸில் ஒரு ரன்னரோடு தொடங்குகிறது. 2023-இல் இதை நிரந்தரமாக்கினார்கள். வழக்கமான பருவம் முடிந்து நடக்கும் பிளேஆஃப்களில் இது கிடையாது. வெளியூர் அணி தன் பாதியில் ரன் எடுக்கவில்லை என்றால் உள்ளூர் அணிக்கு வேலை சுலபம்: ஒரு பன்ட்டில் (பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) ரன்னரை மூன்றாம் பேஸுக்கு நகர்த்து, அடுத்து ஓர் ஆழமான பந்து. ஹிட்டே இல்லாமல் ஜெயிக்கலாம். இந்த விதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ரன்னர் அந்த இடத்தை உழைத்துச் சம்பாதிக்கவில்லை.

எத்தனை ரன் கணக்கில் வரும்?

புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்பும் இடம் இது. ஹோம் ரன் தவிர மற்ற அடிகளில், வெற்றி ரன் வந்ததோடு கணக்கு முடியும். ஸ்கோர் சமமாக இருந்து, மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது பந்து சுவரில் போய் அடித்தாலும் ஒரு ரன் மட்டுமே. பேட்டருக்கும், வெற்றி ரன்னை எடுத்தவர் எத்தனை பேஸ் நகர்ந்தாரோ அதற்கு மேல் கிடைக்காது. அதையும் ஓடி மிதித்தால்தான். ஹோம் ரன் என்றால் எல்லா ரன்னும் உண்டு. 2024 வேர்ல்ட் சீரிஸ் முதல் ஆட்டத்தில், 10-ஆவது இன்னிங்ஸில் 3-2 என்று பின்தங்கியிருந்த டாட்ஜர்ஸுக்கு ஃபிரெடி ஃபிரீமன் மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது ஹோம் ரன் அடித்தார். முடிவு 6-3. வேர்ல்ட் சீரிஸ் வரலாற்றில் அப்படி முடிந்த முதல் ஆட்டம்.

ஆனால் சுற்றி ஓடி முடிக்க வேண்டும். 1999 அக்டோபர் 17 அன்று மெட்ஸின் ராபின் வென்ச்சுரா, அட்லாண்டா பிரேவ்ஸுக்கு எதிராக 15-ஆவது இன்னிங்ஸில் 3-3 என்ற நிலையில், மூன்று பேஸிலும் ஆள் இருக்கப் பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பினார். இரண்டாம் பேஸை எட்டுவதற்குள் சக ஆட்டக்காரர்கள் அவரை மொய்த்துவிட்டார்கள். பதிவேட்டில் அது வெறும் சிங்கிள், ஸ்கோர் 4-3.

வென்ச்சுராவுக்குப் போனது எண்ணிக்கை மட்டும். 1908 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு வெற்றியே போனது. 2 அவுட், 1-1, முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆள். ஆல் பிரிட்வெல் சிங்கிள் அடிக்க, மூன்றாம் பேஸில் நின்ற ரன்னர் ஓடிவந்துவிட்டார். முதல் பேஸில் இருந்த 19 வயது ஃபிரெட் மெர்க்கிள், ஆட்டம் முடிந்தது என்று நினைத்து இரண்டாம் பேஸை மிதிக்காமல் திரும்பினார். சிகாகோ கப்ஸின் ஜானி எவர்ஸ் பந்தோடு இரண்டாம் பேஸை மிதித்து அவுட் கேட்டார். மூன்றாவது அவுட் ஃபோர்ஸ் அவுட்டாக இருந்தால் அந்த அடியில் வந்த ரன் செல்லாது. ஆட்டம் சமனானது, பிறகு மறுபடி ஆடப்பட்டது, கப்ஸ் வென்றது, லீக் பட்டமும் கப்ஸுக்கே போனது. வெற்றி அடி விழுந்தாலும் மற்ற ரன்னர்கள் அடுத்த பேஸைத் தொடும்வரை ஓடுவது இதனால்தான்.

சொதப்பி வென்றால் மகிழலாமா?

தாராளமாக. 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் அழகாக வென்றதற்குத் தனிப் புள்ளி கிடையாது. 8-7 என்று தடுமாறி வென்றதும், 9-0 என்று வென்றதும் பட்டியலில் ஒரே எடை. ஆனால் அதை வைத்து அணி பலமானது என்று கணித்தால் ஏமாற்றம் காத்திருக்கும். ஒரு ரன் வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்களின் முடிவுகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுபவை. பால்டிமோர் ஓரியோல்ஸ் 2012-இல் அப்படிப்பட்ட ஆட்டங்களில் 29 வென்று 9 மட்டுமே தோற்றது. மறு ஆண்டு அதே வகையில் 20 வெற்றி, 31 தோல்வி. எடுத்த ரன்னுக்கும் கொடுத்த ரன்னுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பது நம்பகமான வழி. அதோடு ஒரு சொதப்பல் திரும்பத் திரும்ப வருகிறதா என்றும் பாருங்கள். ஒருநாள் கையுறையில் இருந்து பந்து நழுவுவது யாருக்கும் நடக்கும். கடைசி இன்னிங்ஸ்களில் வரும் பிட்சர்கள் வாரம் முழுவதும் வாக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அந்த அணியின் அடுத்த நெருக்கமான ஆட்டம் இப்படி நல்லபடியாக முடியாது.